அடிவாரமே போதும்: மதுரை மலைகளும் மலைச் சைக்கிளும்

மார்கழி விடியலில் கள்ளந்திரியில் பெரியாறு பிரதானக் கால்வாயின் கரையில் சைக்கிளை ஏற்றினால், இடது கைப்பக்கம் அழகர்மலை நீண்டு கிடக்கும். கால்வாயில் தண்ணீர் ஓடும் காலம் அது. இரவுப் பனியில் கரையோரச் செம்மண் தடத்தின் புழுதி அடங்கியிருக்கும். டயர் உருளும் சத்தமே கேட்காது. அந்தச் சத்தமின்மை எத்தனை ஆபத்தானது என்பதை ஒரு நாள் காலையில் கற்றுக்கொண்டேன். திருப்பம் ஒன்றில் வேகமாக இறங்கியபோது எதிரே வெள்ளாட்டு மந்தை. ஆடுகள் நாலாபக்கமும் சிதறின. சினையாடு ஒன்று கரைச் சரிவில் கால் மடங்கி விழுந்து எழுந்தது. மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் சத்தம் போடவில்லை. “தம்பி, மணி அடிச்சுக்கிட்டு வாங்க. நீங்க வர்றது அதுக்குத் தெரியணும்ல?” என்றார். “தப்புத்தாங்கய்யா” என்று இறங்கி, மந்தை கடக்கும்வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

ஆட்டுக்காகப் பேச மேய்ப்பவர் இருந்தார். அதே தடம் அழகர்மலைக் காட்டுக்குள் போயிருந்தால், எதிரே நின்றது காட்டுமாடாக இருந்திருந்தால், அதற்காகப் பேச யார் இருந்திருப்பார்கள்? பாதுகாக்கப்பட்ட மலைகளில் சைக்கிள் தடம் வேண்டுமா என்ற கேள்வியை நான் அந்த இடத்திலிருந்துதான் தொடங்குகிறேன். விடுமுறை நாட்களில் மதுரையிலிருந்து கியர் சைக்கிளில் அழகர்கோவிலுக்கும் கீழக்குயில்குடிக்கும் சிறுமலைக்கும் போய்வரும் இளைஞர்கள் பெருகிவருகிறார்கள். தார்ச்சாலை அலுத்தவுடன் கண் காட்டுப் பாதைக்குப் போவது இயல்பு. அந்த ஆசையில் குற்றமில்லை. அதை எந்தப் பாதையில் விடுவது என்பதைத்தான் நாம் இன்னும் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

மதுரையைச் சுற்றி எத்தனை விதமான மலைகள்

மதுரைச் சமவெளி தட்டையானது என்பது பாதி உண்மை. வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, அதன் அருகே கீழக்குயில்குடிச் சமணர் மலை, வடக்கே அழகர்மலை, வடமேற்கே சிறுமலை என்று கண்ணுக்கு எட்டும் தூரமெங்கும் மலைகள் நிற்கின்றன. ஆனால் சட்டத்தின் பார்வையில் இவை ஒரே மாதிரியானவை அல்ல. அழகர்மலையும் சிறுமலைச் சரிவுகளும் காப்புக்காடுகள். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி வனத்துறையின் அனுமதியின்றி உள்ளே போகக்கூடாது. சமணர் மலை தொல்லியல் சின்னம். அங்கே சிற்பங்களும் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் செதுக்கப்பட்ட பாறையேதான் நினைவுச்சின்னம். மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டி மூன்றாவது வகை. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டத்தின் கீழ் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது.

இன்னும் மேற்கே போனால் காப்பு கடுமையாகிறது. வைகை பிறக்கும் மலைகளைச் சேர்த்து 2021-ல் திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகம் உருவானது. பரப்பு 1,016 சதுர கிலோமீட்டருக்கு மேல். பழனிமலையின் ஒரு பகுதி 2013-ல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சரணாலயத்துக்குள் யார், எதற்காக நுழையலாம் என்பதை 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27, 28-ஆம் பிரிவுகள் வரையறுக்கின்றன. சுற்றுலாவுக்கும் அங்கே அனுமதி பெற வேண்டும்.

மலைச் சைக்கிள்காரர்களின் கனவுத் தடம் ஒன்று இந்தப் பழனிமலையில்தான் கிடக்கிறது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் ஏரி, வந்தரவு வழியாக டாப் ஸ்டேஷனைத் தொட்டு மூணாறுக்குப் போன பழைய மலைச்சாலை அது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் கரையிறங்கினால் தப்பிப்பதற்கான வழியாக அதைச் சீர்படுத்தினார்கள். ‘எஸ்கேப் ரோடு’ என்ற பெயர் அதனால் வந்தது. 1990-ல் மூடப்பட்டது. இன்று பேரிஜம் வரைதான், அதுவும் வனத்துறைச் சீட்டோடு போகலாம். அந்தப் பக்கம் கேரளத்தின் பாம்பாடும் சோலை தேசியப் பூங்கா. தார் பெயர்ந்து, புல் மூடி, இருபுறமும் சோலை நெருங்கிய அந்தச் சாலையைவிடச் சிறந்த சைக்கிள் தடத்தைத் தென்னிந்தியாவில் கற்பனை செய்வது கடினம். ஆனால், மனிதர்கள் விலகியதால்தான் அது அவ்வளவு அழகாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சக்கரம் மலையேறிய வரலாறு

மலைச் சைக்கிள் பிறந்தது அமெரிக்காவில், கலிஃபோர்னியாவின் மரின் மாவட்டத்தில். 1970-களில் டமால்பைஸ் மலையைச் சுற்றியிருந்த இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களைத் தீத்தடுப்புச் சாலைகளில் ஏற்றிக்கொண்டுபோய் மேலேயிருந்து கீழே விட்டார்கள். 1976-ல் தொடங்கிய ‘ரீபேக்’ பந்தயம் அந்த விளையாட்டின் தொட்டில். இறக்கத்தில் பின்சக்கர பிரேக்கின் கிரீஸ் முழுக்க உருகிப் புகையும், அடுத்த ஓட்டத்துக்கு முன் மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும் என்பதால் வந்த பெயர் அது. இருபதே ஆண்டுகளில், 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது பதக்க விளையாட்டாகிவிட்டது.

விளையாட்டு வளர்ந்த வேகத்தில் தகராறும் வளர்ந்தது. நடப்பவர்களும் குதிரையில் போகிறவர்களும் புகார் சொன்னார்கள். அதே டமால்பைஸ் மலையில் அகலமான தீத்தடுப்புச் சாலைகள் சைக்கிளுக்கு, ஒற்றையடிப் பாதைகள் பெரும்பாலும் நடப்பவர்களுக்கு என்று பிரித்தார்கள். சைக்கிளுக்கு வேகக் கட்டுப்பாடும் வந்தது. அமெரிக்காவின் 1964-ஆம் ஆண்டு வனாந்தரச் சட்டம், வனாந்தரமாக அறிவிக்கப்பட்ட காடுகளில் ‘இயந்திரப் போக்குவரத்து’ கூடாது என்று சொல்லியிருந்தது. சைக்கிளும் அதில் அடங்கும் என்று 1984-ல் அந்நாட்டு வனத்துறை தெளிவாக்கியது. மலைச் சைக்கிள் பிறந்த நாடே தன் ஆழ்ந்த காடுகளை அதற்குத் திறந்துவிடவில்லை.

மறுபக்கம், சேதமான நிலத்தில் தடம் போட்டு ஊரை மீட்ட கதைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாத் தீவில் டெர்பி என்ற சிற்றூர் ஒரு காலத்தில் வெள்ளீயச் சுரங்கத்தால் வாழ்ந்தது. சுரங்கம் போனபின் ஊர் ஒடுங்கியது. 2015-ல் அங்கே மலைச் சைக்கிள் தடங்கள் திறக்கப்பட்டன. இன்று உலகின் பல மூலைகளிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். மூடிக்கிடந்த வீடுகள் விடுதிகளாகவும் கடைகளாகவும் திறந்திருக்கின்றன. இந்த இரண்டு அனுபவங்களையும் அருகருகே வைத்தால் ஒரு வழி தெரிகிறது. தொடாத இடத்தைத் தொடாமல் விடலாம். ஏற்கெனவே தொட்டுக் கெடுத்த இடத்தைச் சக்கரத்துக்குத் தரலாம்.

ஆய்வுகள் சொல்வதும் சொல்லாததும்

சைக்கிள் மண்ணைக் கிழித்துவிடும் என்பது பொதுவான நம்பிக்கை. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் 1994-ல் வெளிவந்த ஆய்வு ஒன்று நடப்பவர், குதிரை, மோட்டார் சைக்கிள், சைக்கிள் ஆகிய நான்கையும் மலைப்பாதையில் ஒப்பிட்டது. அரிபடும் மண்ணை அதிகம் கிளப்பிவிட்டவை குளம்பும் காலும். சக்கரங்கள் அவற்றைவிடக் குறைவு. கனடாவின் ஒன்டாரியோவில் 2001-ல் வந்த ஆய்வும், ஒரே தரையில் நடப்பதும் சைக்கிள் ஓட்டுவதும் செடிக்கும் மண்ணுக்கும் ஏறத்தாழ ஒரே அளவு பாதிப்பைத்தான் தருகின்றன என்று கண்டது.

விலங்குகளைப் பற்றிய ஆய்வுகள் இன்னும் கவனிக்க வேண்டியவை. யூட்டா மாநிலத்தின் ஆன்டெலோப் தீவில் காட்டெருமை, மான் வகைகளை வைத்து நடந்த ஆய்வு 2003-ல் வந்தது. நடப்பவரைக் கண்டு விலகுவதற்கும் சைக்கிளைக் கண்டு விலகுவதற்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் பாதையிலிருந்து 100 மீட்டருக்குள் நிற்கும் விலங்கு விரண்டோட 70 சதவீத வாய்ப்பு இருந்தது. ஓரிகனில் எல்க் மான்களை ஆராய்ந்து 2009-ல் வந்த கட்டுரையோ, நான்குசக்கர மோட்டார் வண்டிக்கு அடுத்தபடியாக மான்களை அதிகம் அலைய வைத்தது சைக்கிள் என்றது. நடையும் குதிரைச் சவாரியும் அதற்குப் பின்னால்தான்.

இந்த முடிவுகளை நம் மலைக்கு அப்படியே கொண்டுவர முடியாது. அவை குளிர்நாட்டு மண். நம்முடையது ஐப்பசி, கார்த்திகையில் ஒரே மூச்சாகக் கொட்டும் வடகிழக்குப் பருவமழையை வாங்கும் செம்மண்ணும் சரளையும். அதோடு, எளிதில் மறக்கப்படும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு காலைப் பொழுதில் நடப்பவர் 10 கிலோமீட்டர் போனால், சைக்கிள்காரர் 30, 40 கிலோமீட்டர் போய்விடுவார். ஒவ்வொரு சந்திப்பிலும் பாதிப்பு சமம் என்றே வைத்துக்கொண்டாலும் சந்திப்புகள் மூன்று நான்கு மடங்காகின்றன. காட்டின் நடுப்பகுதி இத்தனை நாள் தப்பியதற்குக் காரணம் அதன் தூரம். அந்தத் தூரத்தைச் சைக்கிள் அரை நாளில் கரைத்துவிடுகிறது.

சத்தமில்லாத வேகம் தனியான ஆபத்து. 2016-ல் மொன்டானாவில் கிளேசியர் தேசியப் பூங்காவை ஒட்டிய காட்டில், திருப்பத்தில் வேகமாக வந்த சைக்கிள்காரர் ஒருவர் கரடிமீதே மோதி, அதன் தாக்குதலில் இறந்தார். நடந்துவரும் மனிதனை வாசனையாலும் காலடிச் சத்தத்தாலும் முன்கூட்டியே அறிந்து விலகும் விலங்குக்கு, சைக்கிள் அந்த அவகாசத்தைத் தருவதில்லை. கால்வாய்க் கரையில் அந்தப் பெரியவர் சொன்னதும் இதே உண்மைதான்.

வாட்டமும் கலுங்கும்

மலைப்பாதையைக் கெடுப்பது சக்கரத்தைவிடத் தண்ணீர். டயரோ காலோ போட்ட பள்ளம், சரிவை நேராகப் பார்த்து இறங்கினால், முதல் மழையிலேயே ஓடையாகிவிடும். அடுத்த மழையில் ஓடை ஆழமாகும். ஓட்டுபவர்கள் பள்ளத்தைத் தவிர்த்துப் பக்கத்தில் புதுத் தடம் போடுவார்கள். இரண்டு மூன்று ஆண்டுகளில் ஒற்றையடிப் பாதை பத்தடி அகலச் சிவப்புக் காயமாகிவிடும். இதைத் தடுக்க உலகமெங்கும் தடம் அமைப்பவர்கள் சில விதிகளைக் கடைப்பிடிக்கிறார்கள். பாதையின் வாட்டம் மலைச்சரிவின் வாட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கக்கூடாது. சராசரி ஏற்றம் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். பாதையின் தரை பள்ளத்துப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்க வேண்டும். சிறிது தூரத்துக்கு ஒருமுறை பாதை ஏறி இறங்க வேண்டும். அப்போதுதான் தண்ணீர் பாதையோடு ஓடாமல் அங்கங்கே வெளியேறும்.

வெளிநாட்டுக் கையேடுகளில் படிக்கும்போது புதிதாகத் தோன்றும் இந்த அறிவு மதுரைச் சீமைக்குப் பழையது. கண்மாய்க் கரையைக் காத்த தலைமுறைகள் இதே கணக்கைத்தான் போட்டன. மழைத் தண்ணீரை எதிர்த்து எந்தக் கரையும் நிற்காது. அதற்குக் கலுங்கு வைத்து வழிவிட்டால் கரை நூற்றாண்டுகள் நிற்கும். நல்ல மலைத்தடம் என்பது பத்தடிக்கு ஒரு குட்டிக் கலுங்கு வைத்த பாதை. அதைக் கட்டத் தெரிந்த கைகள் மேலூர், வாடிப்பட்டி கிராமங்களில் இன்னும் இருக்கின்றன.

நம் பாறைக் குன்றுகளுக்கு மட்டும் வேறு கணக்கு. யானைமலை, அரிட்டாபட்டி போன்ற மொட்டைப் பாறைகளில் மண் பெரும்பாலும் இல்லை. பாறை இடுக்கிலும் சுனையோரத்திலும் கையளவு மண் ஒட்டிக்கொண்டிருக்கும். அதில்தான் புல்லும் சிறுசெடியும் வேர்விடுகின்றன. பாறைமேல் டயர் போனால் பாறைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அந்தக் கையளவு மண் பெயர்ந்தால் திரும்பச் சேர எத்தனையோ மழைக்காலம் ஆகும். எவ்வளவு நன்றாகப் போட்டாலும் அங்கே தடம் தாங்காது.

இரவும் கோடையும்

எங்கே என்பதோடு எப்போது என்பதும் முக்கியம். 2022 அக்டோபரில் திண்டுக்கல், கரூர் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேரில் கடவூர் தேவாங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. நாட்டில் தேவாங்குக்கென்று அமைந்த முதல் சரணாலயம் அது. அரிட்டாபட்டிப் பகுதியிலும் தேவாங்கு உண்டு. இரவில் கிளையோடு கிளையாக மெல்ல நகர்ந்து பூச்சி தின்னும் உயிர். அதன் பெரிய கண்களுக்கு மங்கிய நிலவொளியே போதும். இன்றைய சைக்கிள் விளக்குகளின் வெளிச்சம் மோட்டார் வாகன விளக்கோடு போட்டிபோடுகிறது. இரவுச் சவாரி ஒரு தனி மோகமாகப் பரவும் காலத்தில், அந்தி சாய்ந்தபின் மலையோரத்தில் சக்கரம் கூடாது என்ற விதி முதலில் வர வேண்டும்.

கோடையைப் பற்றி மதுரைக்கு யாரும் நினைவூட்ட வேண்டியதில்லை. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேறச் சென்றவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். 20-க்கு மேற்பட்டோர் இறந்தார்கள். தீக்காயங்களோடு பலர் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட அந்த நாட்களை இந்த ஊர் மறக்கவில்லை. அதன்பின் மலையேற்றத்துக்கு அரசு விதிமுறைகளை வகுத்தது. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 40 வழித்தடங்கள் உள்ளூர் வழிகாட்டிகளோடு, இணையப் பதிவோடு திறக்கப்பட்டன. எல்லாம் நடைக்கு மட்டும். காட்டுத்தீக் காலத்தில் அவை மூடப்படுகின்றன. நடப்பவருக்கே இத்தனை கவனம் தேவைப்படும் மலையில், காட்டின் உள்ளே பல மடங்கு தூரம் போய்விடக்கூடிய சைக்கிளுக்கு அதைவிடக் குறைந்த கவனம் போதும் என்று வாதிட முடியாது.

யாரைக் கேட்பது

அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களிலுமாக 193.42 ஹெக்டேர் பாரம்பரியத் தலமாக இருக்கிறது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், சுமார் 200 நீரூற்றுகள், 250 வகைப் பறவைகள் என்று அரசு அறிவிப்பு கணக்கிடுகிறது. லகர் வல்லூறும் ஷாகீன் வல்லூறும் இராசாளிக் கழுகும் அந்தப் பாறைகளை நாடி வருகின்றன. அலங்கும் மலைப்பாம்பும் அடிவாரத்தில் வாழ்கின்றன. 2,200 ஆண்டுப் பழமையான தமிழிக் கல்வெட்டும், சமணப் படுகைகளும், குடைவரைச் சிவன் கோயிலும் அங்கே உண்டு.

2024 நவம்பரில் இந்தத் தலத்தின் ஒரு பகுதியையும் உள்ளடக்கிய நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி ஏலம் போன செய்தி வந்தபோது, முதலில் எழுந்தவை கிராம சபைகள். அந்த மாதமே மேலூர் வட்டாரத்தின் பல கிராம சபைகள் எதிர்ப்புத் தீர்மானம் போட்டன. டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 7 அன்று ஆயிரக்கணக்கானோர் மேலூர்ப் பக்கமிருந்து மதுரை தல்லாகுளம்வரை பேரணியாக வந்தார்கள். ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. இந்த மலையைக் காப்பாற்றியவர்கள் இந்த ஊர்க்காரர்கள். சுரங்கத்தையும் சைக்கிளையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஆனால் சிறிய காரியமானாலும் அவர்களைக் கேட்காமல் அந்தக் குன்றின்மேல் ஒரு தடம்கூட விழக்கூடாது. விளம்பரப் படத்துக்காகப் பாறைச் சரிவில் சைக்கிளை இறக்குவது, அவர்கள் நடந்த அத்தனை மைலையும் அவமதிப்பதாகும்.

பாதையைக் காப்பதற்கு மதுரையில் இன்னொரு முன்மாதிரி உண்டு. சித்திரையில் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி அப்பன்திருப்பதி, கடச்சனேந்தல், மூன்றுமாவடி வழியாக வைகைக்கு வருகிறார். வழிநெடுக நூற்றுக்கணக்கான மண்டபங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு குடும்பமோ சமூகமோ மண்டகப்படி செய்கிறது. பந்தல், தண்ணீர், நீர்மோர், இடத்தின் சுத்தம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. இருபது கிலோமீட்டர் பாதையில் ஆளில்லாத அடி என்று ஒன்று கிடையாது. உலகெங்கும் தடங்கள் கெட்டுப்போவதற்கு முதல் காரணம், போட்டபின் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போவதுதான். மண்டகப்படி முறையில் தடத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து, இன்ன கண்மாயிலிருந்து இன்ன கண்மாய்வரை இந்த ஊர் என்று ஒப்படைத்தால், கலுங்கு அடைபடாது, குப்பை சேராது, வருகிறவர் யார் என்பதும் ஊருக்குத் தெரியும்.

அடிவாரத்தில் ஒரு தடம்

பேரணையில் தொடங்கும் பெரியாறு பிரதானக் கால்வாய் வாடிப்பட்டி, அலங்காநல்லூர், கள்ளந்திரி வழியாக மேலூருக்குப் போகிறது. சிறுமலையும் அழகர்மலையும் அதற்குப் பக்கத்துணை. கால்வாய்க் கரை, கண்மாய்க் கரை, பழைய வண்டிப்பாதை இவற்றைக் கோத்தால், காப்புக்காட்டுக்குள் ஓரடி வைக்காமல் மலைகளைப் பார்த்தபடியே நாள் முழுக்க ஓட்டலாம். இது புதுத் தடம்கூட இல்லை. உழவரும் ஆடு மேய்ப்பவரும் ஏற்கெனவே புழங்கும் வழி. நீர்வளத் துறையும் ஊராட்சிகளும் இசைந்தால் பெரிய செலவும் இல்லை. கற்கள் உருள, சரிவில் தாவ விரும்பும் தேர்ந்தவர்களுக்கு டெர்பியின் பாடம் இருக்கிறது. மேலூர் வட்டாரத்தில் கிரானைட் வெட்டி முடித்துவிட்டுப் போன நிலங்கள் கிடக்கின்றன. தண்ணீர் தேங்கிய பள்ளங்களுக்கு வேலியிட்டு, கழிவுக்கல் மேடுகளை வல்லுநர்கள் சோதித்து, ஆபத்தில்லாத இடத்தில் மட்டும் தடம் அமைத்தால், புண்பட்ட நிலத்துக்கு ஒரு பயனும் அங்குள்ள இளைஞர்களுக்கு வேலையும் கிடைக்கும்.

அந்த அடிவாரத்திலும் விதிகள் வேண்டும். எல்லாச் சைக்கிளிலும் மணி இருக்க வேண்டும். மந்தையைக் கண்டால் இறங்க வேண்டும். பொழுது சாய்ந்தால் திரும்ப வேண்டும். மழை பெய்த மறுநாள் ஈரத்தடத்தில் ஏறக்கூடாது. இன்னொன்றை அனுபவத்தில் சொல்கிறேன்: வீட்டுக்கு வந்ததும் டயரைக் கழுவ வேண்டும். ஒருமுறை அரிட்டாபட்டிக் கண்மாய்க் கரையில் பஞ்சராகி உட்கார்ந்து, டயரிலிருந்து சீமைக்கருவேல முள்ளைப் பிடுங்கினேன். டயரின் வரிப்பள்ளங்களில் காய்ந்த சேறு அப்பியிருந்தது. விரலால் உடைத்தபோது உள்ளே ஏழெட்டு விதைகள். எந்த ஊரின் எந்தச் செடியோ தெரியாது. முப்பது கிலோமீட்டர் என்னோடு வந்திருந்தன. உண்ணிச்செடியும் சீமைக்கருவேலமும் நம் காடுகளை விழுங்கியிருக்கும் இந்த நாளில், அதைப் பார்த்தபோது மனது கூசியது. விதைகளைத் தாளில் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

அன்று பஞ்சர் ஒட்டி முடித்தபின் சைக்கிளை அடிவாரத்தில் ஒரு வேப்பமரத்தோடு பூட்டிவிட்டு, குடைவரைக் கோயிலுக்கு நடந்தேன். சைக்கிளில் போயிருந்தால் சில நிமிடங்கள்தான். நடந்ததால் பாறையிடுக்கின் நீர்க்கசிவு காதில் விழுந்தது. தலைக்குமேல் இறக்கையை அசைக்காமல் வட்டமிட்ட பறவையை நின்று பார்க்க முடிந்தது. அது அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது. விலகிப் போகும்படி நான் எதையும் செய்யவில்லை. திரும்பி வந்தபோது வேப்பமரத்தடியில் சைக்கிள் அப்படியே நின்றது. அதற்குச் சரியான இடம் அதுதான் என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.